ஆய்வாளர் வீட்டு நாலு வழிப் பெட்டி

உலகம் கெட்டுப்போய்விட்டது என்ற முடிவுக்கு ஆய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வருடங்களாகச் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

முதல் சான்று, பாடகர்கள். ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் முத்துமுத்தாகப் பாடியவர்கள் இப்போது வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடினார்கள். பாடல்கள் அதே பழைய பாடல்கள், சிடி தட்டுகளும் அதே பழைய தட்டுகள். முப்பது வருடங்களுக்கு முன்பே பாடி முடித்துவிட்டுப் போனவர்கள் இந்த வருடம் எப்படி வந்து பஞ்சை அடைத்துக்கொண்டார்கள் என்ற சின்னக் கேள்வியை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது சான்று, டிவி நடிகர்கள். கோபப்பட்டாலும் முணுமுணுத்தார்கள், காதலித்தாலும் முணுமுணுத்தார்கள். மூன்றாவது, சமையலறையில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. வேலை முடிந்ததும் மூன்று தடவை கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.

நான்காவது சான்றுதான் கனமானது. தெருவில் பறவைகளே இல்லாமல் போய்விட்டன. இதைப் பற்றி அவர் செய்தித்தாளுக்கு ஆறு பத்தியில் ஒரு கடிதம் எழுதினார். 'எங்கே போயின பறவைகள்?' என்ற தலைப்போடு அது அச்சாகி, கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரிலும் ஏறிவிட்டது. அவர் அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஜன்னல் கம்பியில் பதினோரு குருவிகள் உட்கார்ந்து தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். எண்ணிக்கையோடு சொன்னாள்.

"இந்த வீட்டுல சத்தமே கெட்டுப்போச்சு. நான் அதைச் சரி பண்ணப் போறேன்" என்று அவர் அறிவித்தார்.

"கெடல. கூடிக்கிட்டேதான் போகுது. டிவிய போன வருஷம் பதினெட்டுல வச்சுக் கேட்டீங்க. இப்ப நாப்பத்திரண்டு."

"அதைத்தானே சொல்றேன். நாப்பத்திரண்டுலகூட ஒண்ணும் தெளிவா இல்ல. டிவி தேய்ஞ்சுபோச்சு."

"டிவி தேயுமாங்க?"

"எந்தக் கருவியும் தேயும். எத்தனை தராசு பார்த்திருக்கேன் நான்."

"காதும் கருவிதான்" என்றாள் மனைவி.

அந்த வாக்கியம் அவருக்குக் கேட்கவில்லை. அல்லது, கேட்கவில்லை என்று அவர் முடிவு செய்தார். இரண்டுக்கும் நடுவே இருக்கிற கோடு அந்த வீட்டில் ரொம்ப நாளாகவே அழிந்துபோயிருந்தது.

அவர் எடை அளவு ஆய்வாளர். தோல் பையில் அளவுக்கற்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், தராசில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், தவறாக இருந்தால் எழுதுவார். இருபத்தேழு வருடங்களாக மற்றவர்களுடைய கருவிகளைச் சந்தேகப்பட்டே வாழ்ந்த மனிதர். மனைவி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிறவள். யார் குரலில் அவசரம் இருக்கிறது, யார் குரலில் பொய் இருக்கிறது என்பதை 'ஹலோ'விலேயே பிடித்துவிடுவாள். ஒருத்தர் எதையும் நம்பாதவர், இன்னொருத்தி எதையும் கேட்டுவிடுகிறவள். கல்யாணம் இருபத்தாறு வருடம் ஓடியதற்கு அவர்களுடைய வேலை நேரம் வேறு வேறாக இருந்ததுதான் காரணம் என்று மகளே வெளியூரிலிருந்து போனில் சொல்லிச் சிரிப்பாள்.

காது டாக்டரிடம் மனைவி நான்கு தடவை நேரம் வாங்கியாயிற்று. முதல் தடவை அலுவலகத்தில் தணிக்கை என்றார். இரண்டாவது தடவை சளி. மூன்றாவது தடவை, நேரம் வாங்கியிருப்பதை அவள் சொன்னது காதில் விழவில்லை என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது நல்ல வாதம் இல்லை என்று அவருக்கே பட்டது. நான்காவது தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போய், கேன்டீனில் இரண்டு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

வீம்பு என்று மனைவி நினைத்தாள். வீம்புதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒரு கருவி பழுது என்று எழுதினால், அடுத்த வரியில் என்ன எழுத வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். 'பயன்பாட்டிலிருந்து நீக்கப்படுகிறது.' ஆயிரம் தராசுகளுக்கு அந்த வரியை எழுதிய கை, தனக்கு வேறு யாரோ எழுதுவதைப் பார்க்கத் தயாராக இல்லை.

ஆகவே உலகத்தைச் சரிசெய்வதென்று தீர்மானித்தார்.

வழி காட்டியவர் மாடி வீட்டு வக்கீல். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புண்ணான காதை, வீட்டில் நல்ல இசை கேட்டு ஆற்றிக்கொள்கிற மனிதர்.

"உங்க ஸ்பீக்கர்ல தப்பில்ல சார். கோளாறு மாத்துற இடத்துல" என்றார் வக்கீல். "கம்ப்யூட்டர்ல பாட்டு பாட்டாவா இருக்கு? வெறும் எண்ணு. ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு. அதைத் திரும்பப் பாட்டா மாத்தித் தர்றதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கு. டாக்னு பேரு."

ஆய்வாளர் இறங்கி வந்து மனைவிக்கு விளக்கினார். விளக்கும்போது அவர் குரல் மாடி வரை கேட்டது. வக்கீல் சொன்னது வக்கீலுக்கே இரண்டாவது தடவையாக வந்து சேர்ந்தது.

"எண்ணை வாங்கிப் பாட்டாக் குடுக்குமா? நல்ல பெட்டிதான்" என்றாள் மனைவி. "நான் சொல்ற சொல்லை வாங்கி வேலையாக் குடுக்கிற பெட்டி ஏதாவது இருக்கான்னு வக்கீல் சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் பெட்டி வந்தது. ஒரு செங்கல் அளவு. கறுப்பு. முன்னால் ஒரு திருகு, ஹெட்போனுக்கு ஒரு துளை, ஒரு பொத்தான். பின்னால் வரிசையாக வாய்கள். கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி. பழைய தட்டு ஓட்டும் கருவிக்கு கோஆக்சியல். டிவிக்கு ஆப்டிகல், அதாவது மின்சாரத்துக்குப் பதிலாக வெளிச்சத்தை அனுப்புகிற ஒயர். நான்காவது வழிக்கு ஒயரே கிடையாது. அதுதான் ப்ளூடூத்.

"நாலு வழி இருக்கு" என்றார் ஆய்வாளர், நாலு மாடி வீடு கட்டியவர் மாதிரி.

கம்ப்யூட்டர் ஒயர் ஒரே தடவையில் சேர்ந்தது. தட்டுக் கருவி இரண்டாவது தடவையில் சேர்ந்தது. டிவி மட்டும் சேர மறுத்தது. ஆப்டிகல் ஒயரைக் குத்தினார். திருப்பிக் குத்தினார். டிவியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் பின்புறம் தலையை விட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குத்தினார். ஒரு மணி நேரம் போயிற்று. ஒயர் போலி என்றார். டிவியின் துளை சட்டப்படியான அளவில் இல்லை என்றார். தயாரித்தவர்கள் மீது எந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். ஒயரின் முனையை நகத்தால் கிள்ளினாள். உள்ளங்கையில் ஒரு துளி பிளாஸ்டிக் விழுந்தது.

"இது மூடிங்க. கழட்டிட்டுச் சொருகணும்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னா ஏன் கழட்டல?"

"தூசி போகக் கூடாதுன்னு."

"ஒரு மணி நேரமாக் குத்தினதுல தூசி பயந்தே ஓடியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முனையின் மூடியையும் கழற்றிக் கொடுத்தாள். "எங்க போர்டுல லைன் வேலை செய்யலைன்னா முதல்ல ரெண்டு முனையத்தான் பார்ப்போம். நடுவுல இருக்கிற ஒயர் பாவம், அது ஒண்ணும் பண்ணாது."

"இது டெலிபோன் இல்ல."

"இல்லதான். டெலிபோன்னா இந்நேரம் பேசி முடிச்சிருப்பாங்க."

பிறகு அவள் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "நாலாவது வழியில என் போனைச் சேருங்க. நானும் ரெண்டு பாட்டுக் கேக்கிறேன்."

ஆய்வாளர் நிமிர்ந்தார். "ப்ளூடூத்தா? காத்துல வர்றதும்மா அது. பாட்டைப் பிழிஞ்சு சாறை அங்கேயே விட்டுட்டுச் சக்கைய அனுப்பும். உன் போன்ல இருக்கிறது பாட்டே இல்ல. பாட்டைப் பத்தின வதந்தி."

சொன்னதோடு நிற்கவில்லை. பையிலிருந்து காகிதப் பட்டை ஒன்றை எடுத்து ப்ளூடூத் பொத்தானின் மேல் ஒட்டினார். ஊதா மையில் ரப்பர் முத்திரை குத்தினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். 'அனுமதியின்றி அகற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

மனைவி அதை முழுவதும் படித்தாள். "அனுமதி யார் குடுக்கணும்?"

"நான்தான்."

"சரி" என்றாள். அவள் 'சரி' சொன்னால் வேறொரு லைனில் யாரையோ காத்திருக்க வைத்திருக்கிறாள் என்று பொருள். இருபத்தாறு வருடத்தில் அதை அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று மாலை அவர் நடுநாயகமாக உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டார். தபலா வந்தது. கணீரென்று வந்தது. வயலினின் கீழ்ப்பகுதி வந்தது. மேலே போகப் போக அது எங்கோ படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பாடகரின் வாயில் பஞ்சு அப்படியே இருந்தது. தட்டுக் கருவிக்கு மாற்றினார். பஞ்சு. டிவிக்கு மாற்றினார். பஞ்சு. ஒலியைக் கூட்டினார். நிறையப் பஞ்சு.

அழைப்பு மணி அடித்தது. மனைவிக்குக் கேட்டது. வக்கீல் நின்றிருந்தார்.

"பெட்டி பிரமாதமா வேலை செய்யுது சார். எங்க வீட்டுல எங்க பெட்டியப் போட வேண்டிய அவசியமே இல்ல. கொஞ்சம் நல்ல பாட்டாப் போட்டீங்கன்னா நாங்க அப்படியே படுத்துடுவோம்."

வக்கீல் போன பிறகு ஆய்வாளர் பெட்டியைக் குனிந்து முன்னும் பின்னும் பார்த்தார். "ஏமாத்திட்டாங்க" என்றார்.

மனைவி அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் பார்வைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். கொஞ்ச காலமாகவே அவரிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமாத்திட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? சான்று இருக்கா? ஒரு தராசு தப்புன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிடுவீங்களா? கல்லை வச்சுப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டாத்தானே செல்லும்?"

"சத்தத்துக்கு ஏது அளவுக்கல்லு?"

"இருக்கே. ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. சுத்தமான ஒலி. இது இத்தனை உயரம், இது இத்தனை சத்தம்னு கணக்கா இருக்கும். என் போன்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்."

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் மனைவி முதல் தடவையாக அவர் துறையின் மொழியில் பேசியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எதற்காக அப்படிப்பட்ட ஒலிகளை வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். மகிழ்ச்சியில் இருக்கிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

"ஆனா போன்லன்னா ப்ளூடூத்துல்ல?"

"ஆமா. முத்திரை இருக்கே. அனுமதி வேணும்" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக.

ஆய்வாளர் யோசித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, 'சோதனையின் பொருட்டு முத்திரை நீக்கப்படுகிறது' என்று எழுதித் தானே கையெழுத்திட்டார். சாட்சியாக மனைவியும் கையெழுத்திட்டாள். பட்டையைக் கிழித்தார்கள். பெட்டியின் முன்னால் ஒரு நீல விளக்கு எரிந்தது.

"ஹெட்போன் போட்டுக்குங்க. இல்லைன்னா வக்கீல் மறுபடியும் இறங்கி வருவார். அதோட, இடது வழி தனியா, வலது வழி தனியாப் பார்க்கலாம்."

"நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் ஆய்வாளர்.

அந்த அரை மணி நேரம் அவர் பணிக்காலத்தின் மிகச் சிறந்த ஆய்வுகளில் ஒன்று. ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டார். மேலே ஒலியின் உயரங்கள், ஹெர்ட்ஸ் கணக்கில்: இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணாயிரம் வரை. பக்கத்தில் இடது, வலது. மனைவி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒலி வந்தால் அவர் கையைத் தூக்கிவிட்டுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அவள் எதிரே அலமாரிக் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருநூற்றைம்பதில் கை உடனே எழுந்தது. ஆயிரத்திலும் எழுந்தது. இரண்டாயிரத்தில் யோசித்து எழுந்தது. மூவாயிரத்தில், அவள் ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்த பிறகு, பாதி எழுந்தது. அதற்கு மேல் கை மடியிலேயே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மிகக் கவனமாக, எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோது மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள்.

"முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? நாலாயிரம் வரவேயில்லையே!"

"அனுப்பினேனே."

"அப்ப மாட்டிக்கிட்டாங்க!" என்று துள்ளி எழுந்தார் ஆய்வாளர். ஹெட்போன் ஒயர் இழுத்து மறுபடியும் உட்கார்த்தியது. "எழுத்துல மாட்டிக்கிட்டாங்க! மூவாயிரத்துக்கு மேல பெட்டி செத்துப்போச்சு. இடதை விட வலது மோசம்." தாளின் அடியில் நல்ல தமிழில் தீர்ப்பை எழுதினார். 'இந்தக் கருவி உயர்ந்த ஒலிகளைக் கடத்தும் தகுதியை முற்றிலும் இழந்துள்ளது. உரியவர் உடனடியாகத் தகுந்த நிபுணரிடம் காண்பிக்க வேண்டியது.' கையெழுத்து. தேதி. ரப்பர் முத்திரை.

மனைவி தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். "தகுந்த நிபுணரிடம்னு நீங்களே எழுதிட்டீங்க. நகல் ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?"

"ரெண்டு எடு."

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். ஒரு வழியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. அதுவும் ப்ளூடூத்! சக்கையான வழி. திங்கட்கிழமை முதல் மூன்று நாட்கள் வேலை முடிந்து வந்ததும், அதே ஒலிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டில் எழுதி, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகி, மற்ற மூன்று வழிகளிலும் சோதித்தார். மூன்று தாள்கள். மூன்று முத்திரைகள். நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றன் மேல் ஒன்றை வைத்து விளக்கில் பிடித்தால் ஒரே தாள் போலத் தெரிந்தது. ஒரு டிக் முன்னே பின்னே இல்லை.

"நாலு வழியும் ஒரே இடத்துல நிக்குது. அப்ப பெட்டியேதான்" என்றார். குரலில் பழைய உற்சாகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"வக்கீல் வீட்டுப் பெட்டியில ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றாள் மனைவி. "உங்க தீர்ப்புக்கு இன்னும் வலுவா இருக்கும்."

வக்கீல் வீட்டுப் பெட்டி வேறு தயாரிப்பு, இரண்டு மடங்கு பெரியது. ஹெட்போனும் வக்கீலுடையது. ஆய்வாளர் உட்கார்ந்தார். கை எழுந்தது, எழுந்தது, யோசித்தது, பாதி எழுந்தது, விழுந்தது. ஐந்தாவது தாள்.

"உங்களதும் போச்சு வக்கீல் சார்!" என்றார். "மூவாயிரத்துக்கு மேல ஒண்ணுமில்ல. அதே பிழை. அதே அளவு. பாருங்க, இடத்தைக்கூட மாத்தாம…"

அங்கே நிறுத்திக்கொண்டார்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "சார், நீங்க ஒரு சந்தைக் கதை சொல்வீங்களே…"

"அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ" என்றாள் மனைவி. "ஒரு நாப்பது தடவைதான் சொல்லியிருப்பார்."

அந்தக் கதை ஆய்வாளரின் முதல் வருடத்துக் கதை. ஒரு சந்தையில் பதினாலு கடை. பதினாலு தராசும் குறை காட்டின. எல்லாம் ஒரே அளவு குறை. வரிசையாக நோட்டீஸ் எழுதிக்கொண்டே போனார். பதினாலாவது கடையில் தன்னைப் போல ஒரு நேர்மையாளன் பிறந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. அப்போது மேலதிகாரி வந்து, அவர் பைக்குள் கையை விட்டு அளவுக்கல்லை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு சில்லு உடைந்திருந்தது. 'பதினாலு பேரு ஒரே மாதிரி தப்புப் பண்ண மாட்டான்யா. உன் பையைப் பாரு.' ஆய்வாளரே திரும்பி நடந்து பதினாலு நோட்டீஸையும் கிழித்தார். தன் நேர்மைக்குச் சான்றாக அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார். மகளுடைய பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூடச் சொன்னார்.

இப்போது அவர் ஐந்து தாள்களையும் மடித்தார். ஹெட்போனைக் கழற்றினார். எதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதைக் கவிழ்க்க முடியாது என்பதும் தெரிந்தது.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவரே கேட்டார். "நேரம் எப்ப வாங்கலாம்?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இருக்கு."

"எப்ப வாங்கின?"

"பெட்டி வந்த அன்னிக்கே."

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மனைவியை அதுவரை குரலாகவே அறிந்தவர் என்பதால் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வியந்துகொண்டார்கள். பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்து முறைப்படி சோதித்தார். தன் தாளையும் ஆய்வாளரின் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"வீட்டுல எடுத்ததை நாங்க ஏத்துக்க முடியாது. ஆனா பாருங்க, கிட்டத்தட்ட எங்க தாளேதான். இத்தனை சுத்தமா எங்க ஆளுங்களே எழுத மாட்டாங்க." அடியில் இருந்த தீர்ப்பை உரக்கப் படித்தார். "'உயர்ந்த ஒலிகளைக் கடத்தும் தகுதியை முற்றிலும்…' அவ்வளவு மோசமெல்லாம் இல்ல சார். கொஞ்சம் கருணையா எழுதியிருக்கலாம்."

ஆய்வாளர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப… பயன்பாட்டிலிருந்து நீக்கணுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. "தராசை எல்லாத்தையுமா உடைச்சுப் போடுறீங்க?" என்றாள். "திருத்தி, முத்திரை குத்தி, திரும்பக் குடுக்கிறதில்லையா?"

ஆய்வாளர் மேசையிலிருந்து பார்வையை எடுத்தார். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கருவிகள் வந்தன. காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற இரண்டு பொடிக் கருவிகள். உள்ளே ஒரு மைக் சத்தத்தை வாங்கும், எண்ணாக மாற்றும், குறைகிற இடத்தைக் கூட்டும், திரும்பச் சத்தமாக மாற்றிக் காதுக்குள் விடும் என்று பொருத்துகிறவர் விளக்கினார்.

"அப்ப இதுவும் டாக்தான்" என்றார் ஆய்வாளர். சற்று மரியாதை வந்துவிட்டது. "எந்த வழியில சேரும்? ஆப்டிகலா?"

"ப்ளூடூத் சார். போனோட சேர்த்துட்டா அங்கிருந்தே எல்லாம் பார்த்துக்கலாம். உங்க போனைக் குடுங்க."

ஆய்வாளர் தன் போனைக் கொடுத்தார். அது பொத்தான் போன். கொள்கைக்காக வைத்திருந்தார். பொருத்துகிறவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் போனைச் சேருங்க" என்றாள் மனைவி. "வதந்தி போதும் அவருக்கு."

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆய்வாளர் அசையாமல் நின்றுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"குருவிங்க. உங்க கடிதத்தைப் படிச்சிட்டுத் திரும்பி வந்திருக்கும்."

தன் செருப்பின் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக் கடிகாரம் கேட்டது. சமையலறையில் மைக்ரோவேவ் மூன்று தடவை கூவியது. அதனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. பழைய தட்டைப் போட்டார். வயலின் படியேறிப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பாடகர் பஞ்சைத் துப்பிவிட்டார். ஒரு சரணம் முடியும் வரை ஆய்வாளர் தலையைத் தூக்கவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தப் பாட்டை முழுவதும் கேட்டார்கள். டிவி வால்யூம் மறுபடியும் பதினெட்டுக்கு வந்தது. மாடியில் வக்கீல் தன் பெட்டியைத் தூசி தட்டிப் போட்டார்.

பத்து நாள் நன்றாகவே போயிற்று.

பதினோராவது நாள் ஆய்வாளருக்கு ஒரு நட்டம் புரிய ஆரம்பித்தது. இரண்டு வருடங்களாக அவருக்குக் கேட்காமல் இருந்தது பறவைகள் மட்டுமல்ல. 'குப்பைப் பையை வெளிய வச்சிட்டு வாங்க', 'குழாய் சொட்டுதே பாருங்க', 'உங்க அக்காவுக்குப் போன் பண்ணினீங்களா' எல்லாம் அதே பஞ்சுக்குள்தான் பத்திரமாகக் கிடந்தன. இப்போது ஒன்று விடாமல் வந்தன. மூவாயிரத்துக்கு மேலேயும் வந்தன, கீழேயும் வந்தன. செவிடாக இருந்தபோது ஒரு வீட்டின் தலைவராக இருந்தவர், காது வந்ததும் அதன் வேலையாள் ஆகிவிட்டார். இது என்ன நியாயம் என்று இரண்டு நாள் யோசித்தார். அதற்குள் ஒரு திட்டமும் பிறந்தது. நல்ல திட்டம். எளிமையானது. கருவி என்றால் பேட்டரி என்று ஒன்று உண்டு. பேட்டரி என்றால் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஆய்வாளர் முன்னறையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, குப்பைப் பை நிறைஞ்சு வழியுது. எடுத்துக்கிட்டுப் போய் வச்சிட்டு வாங்க."

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார்.

"உங்களைத்தான்."

அவர் காதருகே விரலைக் கொண்டுபோனார். லேசாகத் தட்டினார். தலையை ஆட்டினார். தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி, ஆனால் சமையலறை வரை எட்டும்படி வருத்தத்தோடு சொன்னார். "சே. பேட்டரி தீர்ந்துபோச்சு போல. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே கேக்கல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. திட்டம் பலித்துவிட்டது என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.

அப்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், குரலை ஒரு இழைகூட உயர்த்தாமல், கையில் இருந்த போனைப் பார்த்துப் படித்தாள் மனைவி.

"இடது எண்பத்தாறு சதவீதம். வலது எண்பத்தெட்டு. வரும்போது அந்தக் குழாயையும் பார்த்துட்டு வாங்க."